ஆடுகளும் ஹெல்லியும்

'செவரன்ஸ்' தொடரின் இரண்டாம் பருவம் 2025 மார்ச்சில் நிறைவுற்றபோது, பார்த்தவர்கள் பேசியதெல்லாம் புதிர்களைப் பற்றியே. அலுவலகத்தினுள் ஆடுகள் எதற்கு? திரையில் மிதக்கும் எண்களின் பொருள் யாது? விடுகதையை அவிழ்ப்பதில் நமக்கும் சுவை உண்டுதான். ஆனால் தொடரின் கொடுமை வேறிடத்தில் இருக்கிறது.

மூளையில் சில்லு பொருத்தப்பட்டோர் பணியிடத்தில் வீட்டை மறப்பர். வீட்டில் பணியிடத்தை மறப்பர். உள்ளிருக்கும் ஹெல்லி வேலையை விட்டு விலக மன்றாடுகிறாள். மறுப்பவள், வெளியே வாழும் அதே ஹெல்லி! இதைப் பற்றி ஏன் இத்தனை குறைவாகப் பேசினோம்?

கதவுத் தொழிற்சாலை ஒன்றின் அலுவலகத்தில் பணியாற்றிய நாளில், வேலைநேரத்தைத் தாண்டி மாலைக்கே தாவிவிட முடியாதா என்று டான் எரிக்சன் ஏங்கியதில் பிறந்த கதை இது. அரியலூர் சிமெண்ட் ஆலைக்கும் பெரம்பலூர் எறையூரின் காலணித் தொழிற்சாலைக்கும் ஷிப்டு ஏறுவோர் அறியாத ஏக்கமா அது? இங்கே மறக்கச் சில்லு இல்லை. சுண்ணாம்புத் தூசி வீடுவரை வருகிறது. எனினும் கடன் தவணையையும் மகளின் கல்லூரிக் கட்டணத்தையும் எண்ணி, 'இன்னும் ஓராண்டு' என்று தன்னையே உள்ளே திருப்பியனுப்பும் ஹெல்லிகள் இங்கும் உண்டு.

அவளை முதலாளியின் மகளாக்கியது தொடரின் சறுக்கல் என்போம். தவணை கட்டும் பெண்ணாகவே விட்டிருந்தால் இன்னும் சுட்டிருக்கும்.