பாண்டியன் கூண்டில் ஏறட்டும்!

கரும்பலகையில் உள்ளதை ஏட்டில் இறக்குவதா கட்டுரை? தமிழாசிரியத் தோழர்களை நாம் கேட்கிறோம். வகுப்பறையை வழக்கு மன்றமாக்குங்கள்! சிலப்பதிகாரத்துப் பாண்டியனைக் கூண்டில் ஏற்றுங்கள்!

பொற்கொல்லன் சொல் கேட்டு, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்வித்தான் என்று ஒரு மாணவன் குற்றம் சாட்டட்டும். பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விட்டானே, எத்தனை மன்னருக்கு அந்த மானம் இருந்தது என்று இன்னொருவன் மறுக்கட்டும்.

கண்ணகியைக் கண்ணீர்ப் பாவையாகவே எழுதிவந்த பிள்ளை அப்போதுதான் காண்பான், அவள் அழுது வெல்லவில்லை என்பதை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்றாள், தம் சிலம்பின் பரல் முத்து என்று மன்னனே ஒப்புக்கொண்டான், உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. சான்று பேசிற்று!

பாண்டியனை வெறுக்கும் மாணவனிடமே அவன் தரப்பை ஒப்படையுங்கள். முகம் சுளிப்பான், எழுதட்டும். தீர்ப்பை மட்டும் ஆசிரியர் சொல்ல வேண்டாம்.