சீசன் நடுவில் மெனேஜரை நீக்கலாமா?

பெருநாள் வியாபாரத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது எனது புடைவைக் கடை மெனேஜரை வீட்டுக்கு அனுப்பியவன் நான். விற்பனை படுத்துவிட்டது, எனக்கு ஆத்திரம். அவர் போன பிறகும் அதே துணிகள் அதே தட்டில்தான் கிடந்தன. அவற்றைத் தெரிவு செய்து வாங்கியவன் நான் என்பது கணக்கை மூடும்போதுதான் உறைத்தது.

அமெரிக்க பேஸ்போலில் அநேகமாக ஒவ்வொரு வருடமும் ஏதோ ஓர் அணியின் உரிமையாளர் இந்த இடத்தில் வந்து நிற்கிறார். நமது எல்லே விளையாட்டுக்குச் சொந்தக்காரன் போன்ற ஆட்டம்தான் அது. ஆனால் ஓர் அணி சீசனுக்கு 162 ஆட்டங்கள் ஆட வேண்டும். நிர்வாகத்தில் இரண்டு தட்டு உண்டு. வீரர்களை வாங்குவதும் விற்பதும் பொது முகாமையாளர். அன்றாடம் யாரை இறக்குவது, பந்து எறிபவரை எப்போது மாற்றுவது என்று தீர்மானிப்பவர் களத்து மெனேஜர். ஒருவர் கொள்முதல், மற்றவர் கடை முகப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூன் 3ஆம் திகதி பிலடெல்பியா அணி மெனேஜர் ஜோ ஜிரார்டியை நீக்கியது. அப்போது 22 வெற்றி, 29 தோல்வி. அவருக்கு உதவியாக இருந்த ரொப் தொம்சன் பொறுப்பேற்று, மிகுதி 111 ஆட்டங்களில் 65ஐ வென்று அணியை உலகத் தொடர் இறுதி வரை கொண்டுபோனார். அங்கே சரக்கு முதல்தரம். பிரைஸ் ஹார்ப்பர் போன்றவர்களுக்குக் கோடிக் கணக்கில் கொட்டியிருந்தார்கள். வந்தவரும் கடையின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்தவர்.

1988இல் பால்டிமோர் அணி செய்ததைக் கேளுங்கள். முதல் ஆறு ஆட்டங்களிலும் தோல்வி. உடனே மெனேஜர் கல் ரிப்கன் நீக்கப்பட்டார். அவருடைய மகன்மார் இருவர் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது இன்னொரு கொடுமை. வந்தவர் பிராங்க் ரொபின்சன், சாதாரண ஆளல்ல. இருந்தும் தோல்வி தொடர்ச்சியாக 21 வரை போனது. சீசன் முடிவில் 107 தோல்விகள். சரக்கு இல்லாத கடையில் எந்த மெனேஜர் என்ன செய்வார்?

வொஷிங்டன் அணி இரண்டு வழியையும் பார்த்திருக்கிறது. 2019இல் முதல் 50 ஆட்டங்களில் 31 தோல்வி. மெனேஜர் டேவ் மார்டினஸை நீக்கு என்று ஊரே கத்தியது. முதலாளிகள் பொறுத்தார்கள், அந்த வருடமே உலகத் தொடர் கிண்ணம் கிடைத்தது. அதே மார்டினஸையும் பொது முகாமையாளர் மைக் ரிசோவையும் 2025 ஜூலை 6ஆம் திகதி ஒரே நாளில் அனுப்பினார்கள். அப்போது 37 வெற்றி, 53 தோல்வி. மிகுதியில் 29 வெற்றி, 43 தோல்வி. ஏறக்குறைய பழைய கணக்கேதான்.

ஐந்து வருடம் தோற்ற கொள்முதல்காரரை மாற்றியதை நான் பிழை என்று சொல்லவில்லை. ஆனால் புதிய வீரர்களைத் தெரிவு செய்யும் நாளுக்கு ஒரு கிழமையே இருந்தது, அதுவும் முதலாவது தெரிவு இவர்கள் கையில். சந்தைக்குப் போகும் வழியில் வாங்குபவரை லொறியிலிருந்து இறக்கிவிடுவதா? ஒன்றில் சீசனுக்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒக்டோபரில் இருப்பெடுத்த பின்னர் அனுப்பியிருக்கலாம்.

என் பழைய மெனேஜர் இப்போது அடுத்த தெருவில் சொந்தக் கடை வைத்திருக்கிறார். கொள்முதலுக்கும் அவரே போகிறார்.