புருஷன்-பெண்டாட்டி லாட்ஜில் தங்கினால் குற்றமா?

"பிள்ளைகளை இங்கே தள்ளிவிட்டு ஜோடியாக் கிளம்பிட்டாங்களா? நல்லாத்தான் இருக்கு!"

அம்பத்தூரில் எங்கள் எதிர்வீட்டு அம்மா, என் அம்மாவிடம் இப்படிக் கேட்டார். தெருவே கேட்கிற மாதிரி கேட்டார். ஆவடியில் இருக்கிற என் அக்காவும் மாமாவும் அப்படி என்ன செய்துவிட்டார்கள்? ஒரே ஒரு ராத்திரி பாண்டிச்சேரி போய் வந்தார்கள். அவ்வளவுதான்!

அவர்களுக்குக் கல்யாணமாகி 11 வருடம். மாமாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஷிப்டு வேலை. அக்கா போவது தையல் கம்பெனிக்கு. அவர் வீடு திரும்பும்போது இவள் பஸ் ஸ்டாப்பில் நிற்பாள். சாவியைக் கைமாற்றுகிற நேரத்தில்தான் குடும்பப் பேச்சே. கேஸ் சொல்லிட்டியா? பீஸ் கட்டியாச்சா? தண்ணி லாரி வந்துச்சா? 2 பிள்ளைகளோடு படுக்க இருப்பது ஒரே அறை. "எங்களுக்குச் சண்டை போடக்கூட நேரமில்லைடா" என்று மாமா சிரிப்பார்.

எனக்குச் சிரிப்பு வராது. நான் போலீஸ் நிலைய வாசலில் செய்திக்காக நிற்கிறவன். மகளிர் போலீஸ் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஜோடிகளைப் பார்க்கிறேன். அடிதடி, குடி என்று வருகிறவர்கள் ஒரு பக்கம். "வீட்டில் பேசுறதே இல்லை சார்" என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம். எஸ்டேட்டும் டேங்க் பாக்டரியும் வந்த 1960-களில் இருந்தே இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஷிப்டு கணக்கில்தான் ஓடுகின்றன.

அதனால் "போய் வாங்க" என்று பிடித்துத் தள்ளியவன் நானேதான்.

மஞ்சள் கயிறு

"கடற்கரையில் சங்கிலியை அறுத்துக்கிட்டு ஓடுவான். கழற்றி அம்மாகிட்ட கொடுத்துட்டுப் போ" என்றும் சொன்னேன். தொழில் புத்தி! அக்கா புது மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோர்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். வந்தது வினை!

ஆவடியில் இருந்து கிளாம்பாக்கம் போய்ச் சேர்வதற்கே பாதி உயிர் போய்விடும். அங்கிருந்து பஸ் பிடித்து பாண்டிச்சேரியில் இறங்கி லாட்ஜுக்குப் போனால், கவுண்டரில் இருந்தவர் ஆதாரைக் கேட்டார். மாமா கார்டில் ஆவடி முகவரி. அக்கா கார்டில் இன்னும் அப்பா பெயரும் அம்பத்தூர் முகவரியும். கழுத்தில் புதுக் கயிறு. கையில் ஒரே பை. அந்த ஆளின் முகம் மாறிவிட்டது.

"கல்யாண சர்டிபிகேட் இருக்கா? பசங்க இருக்குன்னு சொல்றீங்க, எங்கே காணோம்?"

சுற்றி நாலு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். அக்கா தலையைத் தூக்கவில்லையாம். கடைசியில் மாமா செல்போனில் வீடியோ போட்டுக் கூப்பிட்டார். 7 வயசுக் குட்டி எட்டிப் பார்த்து, "அப்பா, எனக்கு என்ன வாங்கினே?" என்றது. உடனே சாவி கிடைத்தது. பெற்றவர்களின் கல்யாணத்துக்கு 7 வயசுப் பிள்ளை சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது!

கோவை வழக்கு

லாட்ஜ்காரர்கள் மீது மட்டும் பாய்ந்து பயனில்லை. அவர்களுக்கும் பயம். 2019-ல் கோவையில் ஒரு விடுதியில் சோதனை நடந்தது. கல்யாணம் ஆகாத ஜோடி ஒன்று தங்கியிருந்தது, இன்னொரு அறையில் மது பாட்டில் இருந்தது என்று சொல்லி விடுதிக்கு 'சீல்' வைத்தார்கள். வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்கு வந்தது. கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் ஓட்டல் அறையில் தங்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்று நீதிபதி எம்.எஸ்.ரமேஷ் தீர்ப்புச் சொன்னார். 'சீல்' வைத்ததும் தவறு என்று ஆனது.

கல்யாணம் ஆகாதவர்களுக்கே சட்டம் தடை போடவில்லை. தாலி கட்டியவளை ஏன் கவுண்டரில் நிறுத்தி விசாரிக்க வேண்டும்?

அடையாள அட்டை கேட்கட்டும், நோட்டில் எழுதட்டும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தலைமறைவுக் குற்றவாளிகளைத் தேடும்போது போலீசார் முதலில் புரட்டுவது லாட்ஜ் நோட்டைத்தான். ஆனால் கழுத்தில் கிடப்பது சங்கிலியா கயிறா என்று பார்ப்பது எந்தச் சட்டம்?

பூட்டிய வீடு

போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகளைப் பாட்டி, அத்தை என்று நம்பிக்கையான கையில் விடுங்கள். பெரியவன் சின்னவளைப் பார்த்துப்பான் என்று தனியாக விட வேண்டாம். வீட்டைப் பூட்டினால் உங்கள் ஏரியா போலீஸ் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். ரோந்து போகிறவர்கள் ஒரு கண் வைப்பார்கள். 2022 ஜனவரி 1-ல் இருந்து ஆவடிக்கென்றே தனி போலீஸ் கமிஷனரும் இருக்கிறார். கடற்கரைப் படத்தை அன்றைக்கே வாட்ஸ்-அப் ஸ்டேட்டசில் போடாதீர்கள். திருடனும் அதைப் பார்க்கிறான்!

எதிர்வீட்டு அம்மாவுக்கு என் அம்மா சுடச்சுடப் பதில் கொடுத்தாள். "உன் மகனையும் மருமகளையும் அனுப்பு. பேரனை என்கிட்ட விடு, நான் பார்த்துக்கிறேன்." அந்த அம்மா பேசாமல் உள்ளே போய்விட்டார்.

பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் சாயங்காலமானால் வண்டிகளை விடமாட்டார்கள். காந்தி சிலைப் பக்கம் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தார்களாம். "என்னக்கா பேசினீங்க?" என்றேன். "உனக்கு எதுக்குடா?" என்று சிரித்தாள்.

போன வாரம் ஆதாரில் முகவரி மாற்ற வரிசையில் நின்றிருக்கிறாள். "இப்போ என்ன அவசரம்?" என்று கேட்டேன்.

"அடுத்த தடவைக்குத்தான்" என்றாள்.