நாறுது என்று சொல்வதற்கு முன்

போன கிழமை பத்தாம் தரத்தில் நடந்தது. முதல் பாடம் தொடங்கி ஐந்து நிமிடம் இருக்கும். "சேர், இவன்ட பக்கத்துல இருக்க ஏலா, நாறுது" என்று ஒரு பிள்ளை எழும்பிச் சொன்னான். வகுப்பே சிரித்தது. சொல்லப்பட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து புத்தகப் பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். மாவடிப்பள்ளி வயல்வெளியைத் தாண்டி, மருந்துக்கும் நிழல் இல்லாத வீதியில் சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளை அவன். அடுத்த இரண்டு நாளும் அவன் வரவில்லை.

அன்று நாங்கள் என்ன செய்தோம்? "சரி, ஜன்னலத் திறங்க" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தோம். இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கும்போது, "இப்பத்தப் பிள்ளைகளுக்குச் சுத்தம் பத்தாது" என்று எங்களுக்குள் பேசியும் கொண்டோம். அந்தப் பேச்சு சரியில்லை என்று பிறகுதான் உறைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

2022 எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். பிறகு கியூ.ஆர். வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதிபர் முதல் காவலாளி வரை பரணில் கிடந்த சைக்கிளை இறக்கித் துடைத்தோம். ஆசிரியர் ஓய்வறையில் நனையாத சேட்டே இல்லை. ஒருவர் முதுகைப் பார்த்து மற்றவர் சிரித்தோமே தவிர, யாரும் யாரையும் நாறுது என்று சொல்லவில்லை. எல்லோரும் ஒரே மணத்தில் இருந்தோம்.

2023 செப்டெம்பரோடு கியூ.ஆர். முறை போனது. மோட்டார் சைக்கிள்கள் திரும்பி வந்தன. எங்களில் பெரும்பாலானோர் சைக்கிளை மறுபடி பரணில் ஏற்றினோம். இன்றைக்கும் சைக்கிளில் வருகிறவர்கள் யார் என்று பாருங்கள். பெற்றோலுக்குக் காசு ஒதுக்க முடியாத வீட்டுப் பிள்ளைகள், வேன் காசு கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகள், கடன் தவணையில் சம்பளம் கரைகிற எங்களைப் போன்ற இரண்டு மூன்று ஆசிரியர்கள். ஆக, வகுப்பில் மணக்கிறது என்று சொல்வது இப்போது வேறொன்றையும் சேர்த்துச் சொல்வதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு அது நன்றாகவே விளங்குகிறது. எங்களுக்குத்தான் விளங்கத் தாமதமானது.

வியர்வைக்கு என்று பெரிதாக மணம் கிடையாது. அது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். அக்குளில் சுரக்கும் வியர்வையில் வேறு பொருட்களும் உண்டு. அதைத் தோலில் வாழும் கிருமிகள் உடைக்கும்போதுதான் வாடை வருகிறது. அந்தச் சுரப்பிகள் பருவ வயதில்தான் வேலை செய்யத் தொடங்குகின்றன. ஏழாம் தரம் வரை மணக்காத பிள்ளை ஒன்பதாம் தரத்தில் மணப்பான். அவன் சுத்தம் கெட்டுப்போகவில்லை, வளர்ந்திருக்கிறான். உம்மாமாருக்கும் இது சட்டென்று பிடிபடாது. சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தில் இதைப் பேச இடம் இருக்கிறது, ஆனால் வெட்கத்தில் அந்தப் பக்கங்களை நாங்கள் வேகமாகப் புரட்டிவிடுகிறோம்.

அடுத்தது சேட். கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைத் துணி பெரும்பாலும் பொலியெஸ்டர் கலந்தது. மடிப்புக் கலையாது, சீக்கிரம் காயும், ஆனால் பருத்தியைவிட வாடையைப் பிடித்து வைத்திருக்கும். ஒரே சேட்டை இரவில் அலசி, சரியாகக் காயாமலே காலையில் போட்டுவரும் பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டும்போதே பாதி தோற்றுவிட்டான். உள்ளே ஒரு பருத்திப் பெனியன், துவைக்கும்போது சேட்டை உட்புறம் வெளியே திருப்பி அக்குள் பகுதியில் சவர்க்காரம் போட்டு அரை மணி நேரம் ஊற வைப்பது, அப்படியே திருப்பியபடி வெயிலில் போடுவது. இதற்கெல்லாம் பெரிய செலவில்லை.

நாங்கள் சைக்கிளில் வந்து படித்துக்கொண்ட பாடங்களையும் சொல்லிவிடுகிறோம். பழைய டீ சேட்டில் மிதித்து வாருங்கள், நல்ல சேட்டைச் சுருட்டிப் பையில் வையுங்கள். பையை முதுகில் போடாமல் கரியரில் கட்டுங்கள், முதுகு பாதி நனைவது அதனால்தான். கடைசி அரைக் கிலோமீற்றரை மெதுவாக மிதியுங்கள். ஓடும்போது காற்று வியர்வையைக் காய வைக்கும், நிறுத்திய பிறகுதான் கொட்டும். வந்தவுடனே கழுவி உடுப்பு மாற்றினால் புதுச் சேட்டும் நனையும். ஐந்து பத்து நிமிடம் காற்றுப்பட நின்று, உடம்பு ஆறிய பிறகு அக்குள், கழுத்து, முகம் கழுவித் துவாயால் துடைத்து மாற்றுங்கள். கழற்றிய ஈர டீ சேட்டைப் பைக்குள் அமுக்காதீர்கள். பின்னேரம் அதைத் திறக்கும்போது என்ன வரும் என்று எங்களுக்குத் தெரியும்.

கழுவாமல் மேலே அத்தர் பூசினால் இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று உருவாகும். ஜும்ஆவில் அதன் பக்கத்தில் நின்றவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சலூனில் சவரத்துக்குப் பிறகு தடவும் படிகாரக் கல், கழுவிய ஈர அக்குளில் லேசாகத் தேய்த்தால் நன்றாக வேலை செய்யும், ஒரு கல் மாதக்கணக்கில் வரும். வியர்வையைக் குறைக்கும் ரோல் ஒன் வாங்குகிறவர்கள் அதை இரவில் படுக்கப்போகும்போது காய்ந்த தோலில் பூசுவதே நல்லது. தேசிக்காய் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். தேசிக்காய்ப் புளி பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துப்போகும். (பர்தாவோடு சைக்கிளில் வருகிற பெண் பிள்ளைகளின் சிரமம் தனிக் கதை. அதை டீச்சர்மார் எழுதினால் பொருத்தமாக இருக்கும்.)

ஆனால் இவ்வளவையும் அந்தப் பையனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் போதுமா? அவன் எங்கே கழுவுவான்? எங்கே உடுப்பு மாற்றுவான்? எங்கள் பாடசாலையில் பிள்ளைகளுக்கு இருப்பவை முற்றத்து ஓரத்தில் இரண்டு குழாய்கள். மறைப்பு இல்லை, கொழுவ ஒரு ஆணி இல்லை. 7.30க்கு மணி அடிக்கும், நேரே வெயிலில் காலைக் கூட்டம்.

மதீனாவுக்கு வெளியே இருந்த குடியிருப்புகளிலிருந்து மக்கள் தூசியும் வியர்வையுமாக ஜும்ஆவுக்கு வருவார்கள், அவர்களிடமிருந்து வாடை வரும். இந்த நாளுக்காவது நீங்கள் சுத்தமாகிக்கொள்ளக் கூடாதா என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புஹாரியில் இருக்கிறது. குளிப்பின் சிறப்புக்கு இதை எத்தனையோ தடவை குத்பாவில் கேட்டிருக்கிறோம். அவர்கள் உழைத்துவிட்டுத் தூரத்திலிருந்து வந்தவர்கள் என்பதையும், அவர்களை வராதே என்று யாரும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தோமா? எங்கள் ஊரில் பள்ளிவாசலுக்கு வருகிறவருக்கு ஹவுழ் இருக்கிறது, குழாய் வரிசை இருக்கிறது, துடைத்துக்கொள்ள மின்விசிறிக் காற்றும் இருக்கிறது. பாடசாலைக்கு வருகிற பிள்ளைக்கு ஏன் இல்லை?

நாங்கள் கேட்பது சின்ன விஷயம். இருக்கிற குழாய்களில் ஒன்றைச் சுற்றித் தகர மறைப்பு, மேலே ஒரு கம்பி, நாலு கொழுக்கி, ஒரு சவர்க்காரக் கட்டி. பெண் பிள்ளைகளுக்கு அவர்கள் பக்கத்தில் அதே மாதிரி ஒன்று. சைக்கிளில் தூரத்திலிருந்து வருகிறவர்களுக்குக் காலைக் கூட்டத்தில் பத்து நிமிடச் சலுகை. சலுகை கொடுத்தால் எல்லோரும் சைக்கிளில் வந்துவிடுவார்கள் என்று எங்களில் ஒருவர் பயப்படுகிறார். வரட்டுமே.

அந்தப் பையன் மூன்றாம் நாள் வந்தான். கடைசி வாங்கில், ஜன்னலோரம், தனியே இருந்தான். யாரும் இருக்கச் சொல்லவில்லை, அவனாகவே போய் இருந்துகொண்டான். இடைவேளையில் கூப்பிட்டுப் பேசினோம். படிகாரக் கல்லைப் பற்றி முதலில் எங்களுடைய கதையாகத்தான் சொன்னோம். கொஞ்சம் சிரித்தான். நாறுது என்று சொன்னவனையும் தனியே கூப்பிட்டோம். அவன் வாப்பாவும் 2022இல் சைக்கிளில்தான் வேலைக்குப் போனாராம்.

வருகிற பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை எடுக்கப்போகிறோம். பெற்றோர் கட்டாயம் வாருங்கள். வீடு கட்டி மிச்சமாகக் கிடக்கும் தகரம், குழாய்த் துண்டு, மரச்சட்டம் எதுவும் இருந்தால் சொல்லுங்கள், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். தகரத்தைச் சைக்கிளில் கொண்டுவர ஏலாது, யாராவது ஒரு லாண்ட்மாஸ்டர் தந்தால் நல்லது.