பூனை எங்கே?

விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும் வாரத்தில் நம்மைப் போன்ற உபாத்தியாயர்களுக்கு ஒரு தனிச் சோதனை காத்திருக்கிறது. யாத்திரை போய் வந்த சிநேகிதர்கள் அனைவரும் தத்தம் செல்போனை நம் மூக்குக்கு நேரே நீட்டி, "இதைக் கொஞ்சம் பாருங்கள், ஸார்!" என்கிறார்கள். பார்க்கிறோம். ஹம்பியில் கல் ரதம். அடுத்த படத்திலும் கல் ரதம். அதற்கு அடுத்ததில் கல் ரதத்தை மறைத்துக்கொண்டு சிநேகிதருடைய மைத்துனர். இவ்விதமாக நானூறு படங்கள் நகர்கின்றன. நாமும் மூன்று படத்துக்கு ஒரு தடவை "பேஷ்!" என்று சொல்லி வைக்கிறோம். சிநேகிதர் பரம திருப்தியுடன் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகிறார்.

படத்தை நன்றாகப் பார்த்து, அதிலுள்ள குறையையும் கண்டுகொண்டு, அவர் மனம் நோகக் கூடாதே என்று மறைத்திருந்தோமானால் அதைத் தாட்சண்யம் என்றாவது சொல்லலாம். நாமோ பார்க்கவே இல்லை. பிறர் வீட்டுக் காபியைப் புகழ்வதுபோல் புகழ்ந்துவிட்டுத் தப்பித்துக்கொண்டோம்.

ஆனால், குறை சொல்லத் துணிகிறவர்கள் எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்கள் என்றும் நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. அதற்கு நாமே சாட்சி. சாட்சி என்ன, குற்றவாளி என்றே சொல்லலாம்.

சென்ற தை மாதத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மாமல்லபுரத்துக்கு அழைத்துப் போயிருந்தோம். சரித்திரப் பாடத்தில் பல்லவர் காலம் நடந்துகொண்டிருந்தது. வழக்கம் போல் பஸ் தாமதம். கடற்கரைக் கோயிலைப் பார்த்தாயிற்று. வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தாங்கி நிறுத்துவது போன்ற பாவனையில் பிள்ளைகள் அத்தனை பேரும் படம் எடுத்துக்கொண்டாயிற்று. (நாமும் ஒரு காலத்தில் அந்தப் பாறையைத் தாங்கியிருக்கிறோம். அந்தப் படம் இங்கே விவாதத்துக்கு உரியதல்ல.) தபசுப் பாறைக்கு முன்னால் வந்து நின்றபோது பிற்பகல் மூன்று மணி.

தபசுப் பாறையிலுள்ள பூனையைப் பற்றி வகுப்பில் வெகு விஸ்தாரமாகச் சொல்லியிருந்தோம். மேலே முனிவர் ஒற்றைக் காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் செய்கிறார். கீழே யானைக்குப் பக்கத்தில் ஒரு பூனையும் பின்னங்கால்களில் நின்றுகொண்டு, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கி, அதே தவத்தைச் செய்கிறது. அதைச் சுற்றி எலிகள். கல்லிலே ஹாஸ்யம் செய்த அந்தச் சிற்பியிடம் நமக்கு அளவற்ற பக்தி. ஆகவே, தகப்பனாரின் செல்போனைக் கேட்டு வாங்கிவந்த பிள்ளைகள் ஆளுக்கு ஒரு படம் எடுத்து, திங்கட்கிழமை வகுப்பில் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

திங்கட்கிழமை வந்தது. மாணவி ஒருத்தி தன் படத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒரே ஜனக் கூட்டம். பின்னால் பாறை. நாம் வாங்கிப் பார்த்து, அரை விநாடிகூட ஆகியிராது, "பூனையைக் காணோமே, அம்மா! இது படமா, 'பூனை எங்கே?' என்ற புதிர்ப் போட்டியா?" என்றோம். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நமக்கும் நம்முடைய சமத்காரத்தில் சிறிது பெருமைதான். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் செல்போனை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூட மலருக்குப் படம் கேட்டபோது, "என்னிடம் படம் ஒன்றும் இல்லை, ஸார், எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்" என்றாள்.

அதற்குள் அந்தப் படத்தை வேறொருவர் பார்த்திருந்தார். அவர் நமது சித்திர உபாத்தியாயர். அதிகம் பேசாதவர். உபாத்தியாயர்கள் அறையில் நாம் 'புதிர்ப் போட்டி' ஹாஸ்யத்தை இரண்டாம் தடவை அரங்கேற்றியபோது எல்லோரும் சிரித்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அதில் ஒரு கிழவி இருந்தாளே, பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"எந்தக் கிழவி?"

"சரிதான்" என்று சொல்லிவிட்டு, நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் அவரிடம் படத்தைக் காட்டியபோது அவர் நல்லது கெட்டது ஒன்றும் சொல்லாமல் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். பிறகு, "என் கண் முதலில் நடுவிலுள்ள இந்தச் சிவப்புத் தொப்பிக்குப் போயிற்று. அப்புறம் பாறைக்குப் போயிற்று. கடைசியில்தான் ஓரத்திலுள்ள இந்தக் கிழவியிடம் வந்தது. நீ எதைக் காட்ட நினைத்தாய்?" என்று கேட்டாராம். அவள் சொன்ன பதிலை அவர் அப்படியே நமக்குத் திருப்பிச் சொன்னார்.

"பாறையில் உள்ளவர்கள் எல்லோரும் நடுவிலுள்ள பிளவையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், ஸார். கீழே நிற்பவர்கள் எல்லோரும் பாறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தங்கள் முகத்தையே படம் எடுக்கிறார்கள். ஒரு பாட்டி மட்டும் கை கூப்பிக்கொண்டு பாறையைப் பார்த்தாள். அதைத்தான் எடுத்தேன்."

சித்திர உபாத்தியாயர் அவளிடம் சொன்ன யோசனை ஒன்றே ஒன்று. பத்தடி முன்னால் போய், பாட்டிக்குப் பின்புறமாக நின்று எடுத்திருந்தால், தொப்பிக்காரர் படத்துக்கு வெளியே போயிருப்பார். பாட்டி புளியங்கொட்டை அளவில் இல்லாமல் ஆள் அளவில் தெரிந்திருப்பாள். அவ்வளவுதான்.

இதைக் கேட்டபோது நமக்கு ஏற்பட்ட வெட்கத்தை வர்ணிக்க வேண்டியதில்லை. நாற்பது பேருக்கு முன்னால் நாம் குறை சொன்னது அவள் எடுத்த படத்தை அல்லவே! நம் மனத்தில் நாமே எடுத்து மாட்டி வைத்திருந்த ஒரு பூனைப் படத்தோடு ஒப்பிட்டு, அது இதில் இல்லை என்று சிரித்தோம். கண் எங்கே போயிற்று என்று சொல்வதற்குப் பெரிய கலை ஞானம் வேண்டாம்; எட்டு வயதுக் குழந்தையும் சொல்லும். அதைச் சொல்லிவிட்டு, எடுத்தவருடைய எண்ணம் என்ன என்று கேட்டால், அந்த எண்ணத்துக்கும் நம் கண்ணுக்கும் இடையில் எது குறுக்கே நின்றது என்பது தானே தெரிந்துவிடுகிறது. பிறகு சொல்கிற யோசனை மறுமுறை கையால் செய்யக்கூடியதாக இருக்கும். "உயிரோட்டம் போதவில்லை" என்று ஒருவரிடம் சொன்னால், பாவம், அவர் காமிராவில் எந்தப் பொத்தானை அழுத்துவார்?

எல்லாவற்றுக்கும் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. கடற்கோடு சாய்ந்திருக்கிறது என்றால் சாய்ந்திருக்கிறது என்றே சொல்லிவிடலாம். நம் சிநேகிதர்கள் எடுக்கும் படங்களில் வங்காள விரிகுடா முழுவதும் ஒரு மூலை வழியாக வழிந்து ஓடிவிடும் போலிருக்கிறது. சட்டைப் பித்தான் மாறிப் போட்டிருப்பதைச் சொல்வது போல இதையும் காதோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

பிராயச்சித்தமாக, நாம் தஞ்சாவூரில் எடுத்த படங்களைச் சித்திர உபாத்தியாயரிடம் கொண்டுபோய் வைத்தோம். பெரிய கோயில் விமானத்தைப் பார்த்ததும் அவர், "இது மல்லாந்து விழப் போகிறதே!" என்றார். சுமார் 200 அடி உயரமுள்ள விமானத்தை அதன் காலடியிலிருந்து காமிராவை அண்ணாந்து பிடித்து எடுத்தால் அப்படித்தான் ஆகும். நன்றாகப் பின்னால் போய்க் காமிராவை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும். நமக்கு அது தெரியாமல் இல்லை. ஆகவே சமாதானம் சொல்ல ஆரம்பித்தோம். கூட்டம் தள்ளிற்று. வெயில் கண்ணைக் கூசிற்று. பின்னால் போக இடம் இல்லை.

"இந்தப் படம் போகிற வீட்டுக்கெல்லாம் நீங்களும் கூடப் போவீர்களா?" என்று கேட்டார் அவர்.

வாயை மூடிக்கொண்டோம். தபசுப் பாறையைச் செதுக்கி 1300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அர்ச்சுனன் தபசு என்பாரும், பகீரதன் கங்கையைக் கொணர்ந்த கதை என்பாரும் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். சிற்பி பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லவில்லை. இடம் இல்லை என்று நாம் முறையிட்ட அதே தஞ்சைக் கோயிலில், 1858-ம் ஆண்டில், சென்னை ராணுவத்தைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்ற வெள்ளைக்காரர் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுக்களைப் படம் பிடித்தார். ஒரு படத்தில் அடங்கவில்லை. 21 காகித நெகடிவ்களில் துண்டு துண்டாக எடுத்து, ஒட்டிச் சேர்த்து, 19 அடிக்கு மேல் நீளமுள்ள ஒரே படமாகச் செய்துவிட்டார். எதைக் காட்டப் போகிறோம் என்று முன்பே தீர்மானித்திருந்த மனிதர்.

நம் தகப்பனாரிடம் ஓர் ஆக்பா கிளிக் காமிரா இருந்தது. ஒரு சுருளுக்கு 12 படங்கள்தான். ஒவ்வொன்றும் காசு. ஆகையால் பொத்தானை அழுத்துமுன் யோசிப்பார். கழுவி வந்த பிறகு, "கை ஆடிவிட்டது", "இன்னும் கிட்டப் போயிருக்கலாம்" என்று பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைப்பார். இன்றைக்குச் சிநேகிதர் நானூறு படம் எடுத்து வருவது குற்றம் அல்ல; பொறுக்கும் வேலையை நம் தலையில் கட்டுவதுதான் குற்றம். ஆதலால் இப்போதெல்லாம் யாராவது செல்போனை நீட்டினால், "பத்துப் படம் பொறுக்கிக் கொண்டு வாருங்கள், ஒவ்வொன்றையும் ஒரு நிமிஷம் பார்க்கிறேன்" என்கிறோம். சிலர் மறுபடி வருவதே இல்லை. மைத்துனர் படம் எடுத்தவர் வந்தார். பொறுக்கிய பத்தில் மைத்துனர் ஒன்றில்தான் இருந்தார். அதில் அவர் கல் ரதத்தின் சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல படம். வாய் விட்டுச் சொன்னோம், ஏன் நல்லது என்றும் சொன்னோம்.

அந்த மாணவியிடம், சிரித்த அதே வகுப்பில், நாம் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டோம். அவளுக்குத்தான் சங்கடமாகப் போய்விட்டது. பிறகு நம்முடைய தஞ்சாவூர்ப் படங்களில் பத்தைப் பொறுக்கி அவளிடமே காட்டி, அபிப்பிராயம் கேட்டோம். முதலில் தயங்கினாள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ஸார், கல் தரை சுட்டு, நிழலுக்கு நிழல் குதித்துக்கொண்டு ஓடினோம் என்று வகுப்பில் சொன்னீர்களே! அது இதில் ஒன்றிலும் இல்லையே?" என்றாள்.

சுருக்கென்றது. அன்று காமிராவில் ஏதோ கோளாறு என்று ஒரு சமாதானம் நாக்கு நுனி வரையில் வந்தது. விழுங்கிவிட்டு, மறுபடி ஒரு தரம் பத்துப் படங்களையும் பார்த்தோம். அவள் சொன்னது வாஸ்தவம். கோயில் இருந்தது, அங்கே போன நாம் இல்லை.

போன வாரம் அவள் ஒரு படம் கொண்டுவந்தாள். பூனை! தன் குடும்பத்தாரோடு மறுபடி மாமல்லபுரம் போய், கம்பி வேலி ஓரமாகக் குனிந்து எடுத்திருக்கிறாள். எலிகளும் இருக்கின்றன, ஆனால், எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்து கிடக்கின்றன. நாம் அவசரப்படாமல் பார்த்தோம். "நம் கண் யானையின் காலிலேயே நின்றுவிட்டது; பூனையிடம் வர நேரமாயிற்று. எத்தனை மணிக்கு எடுத்தாய்?" என்று கேட்டோம். நாலு மணி என்றாள். பாறையின் முகம் கிழக்கு நோக்கியது. பிற்பகலில் அதன் நிழல் அதன் மேலேயே விழுந்துவிடும். அதிகாலை வெயில் நேரே அடிப்பதால் மேடு பள்ளம் தெரியாது. சூரியன் சற்று மேலே ஏறி, வெளிச்சம் மேலிருந்து சரிந்து விழும்போது எடுத்தால் ஒவ்வோர் எலியும் தனித்தனியாக எழுந்து நிற்கும் என்று சொன்னோம்.

"அப்படியானால் காலையிலேயே போய்க் காத்திருக்க வேண்டும், ஸார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாட்டி வருகிறேன் என்றிருக்கிறாள். நீங்களும் வருகிறீர்களா?" என்றாள்.

வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். சித்திர உபாத்தியாயரும் வருகிறார். வெண்ணெய் உருண்டைப் பாறைப் பக்கம் மட்டும் நாம் தலைகாட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டிருக்கிறார்.