பூனையும் நாயும் போதும், சார்!



மழை கொட்டினால் 'ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்று எழுத நம் எல்லோருக்கும் தெரியும். நோட்ஸில் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஓசூரில் எத்தனையோ மழை பார்த்தாச்சு. அப்படி யாரும் பேசி நான் கேட்டதே இல்லை.

என் அண்ணன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன். ஒரு கம்பெனியில் தேர்வாகிவிட்டதாகக் கடிதம் வந்தது. கடைசி வரியில் 'சப்ஜெக்ட் டு மெடிக்கல் ஃபிட்னஸ்' என்று இருந்தது. அப்பா என்னைத்தான் கேட்டார். "சப்ஜெக்ட்னா பாடம்ப்பா. உடம்பைப் பத்தி ஏதோ கிளாஸ் எடுப்பாங்க போல" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அண்ணன் மறுநாளே பார்த்துக்கொண்டிருந்த ஒர்க்‌ஷாப் வேலையை விட்டுட்டான். அம்மா தெரு முழுக்க மைசூர்பாகு கொடுத்தாங்க.

மருத்துவப் பரிசோதனையில் அவனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகப் பிரித்துத் தெரியவில்லை என்றார்கள். இத்தனை வருஷம் அவனுக்கே அது தெரியாது. ஒயர் வேலைக்கு ஆகாது. உடல் தகுதிக்கு உட்பட்டுத்தான் வேலை என்பதே அந்த வரியின் அர்த்தம். கம்பெனி மேல் குற்றமில்லை, எழுதித்தான் கொடுத்தாங்க. தப்பாகப் படித்தவன் நான்.

ஏன் இது நமக்கு வழுக்குது? தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும். இங்கிலீஷில் அந்தச் சின்ன வார்த்தை முன்னால் வந்து நிற்கும். அதுவும் ஓசூரில், மேசையில், வாசலில் என்று நமக்கு ஒரே 'இல்' போதும். அவர்களுக்கு இன் ஓசூர், ஆன் த டேபிள், அட் த கேட் என்று மூன்று வேணும். வீட்டில் தெலுங்கு, கன்னடம் பேசும் நண்பர்களுக்கும் இதே கதைதான். 'ஹோசூருலோ', 'ஹொசூரினல்லி' எல்லாமே வால் பக்கம்தான். அத்திப்பள்ளி தாண்டினாலும் வால் மாறல!

'பை பஸ்' சரி என்பதால் 'பை வாக்' என்றும் சொல்கிறோம். 'ஆன் ஃபுட்' என்பதே சரி. லீவ் லெட்டரில் எழுதும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்', வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் பணியிடத்தை 'ஸ்டேஷன்' என்று சொன்ன காலத்து மிச்சம். நம் ஊரில் செல்லும், அதை நான் குறை சொல்லல.

பிளஸ் டூ முடித்ததும் நம்மில் பலர் சிப்காட் கேட்டுக்குத்தான் போகப் போகிறோம். அங்கே நோட்டீஸ் போர்டில் பூனையும் நாயும் இருக்காது. 'ஆன் ஆர் பிஃபோர்' இருக்கும், அந்தத் தேதியன்றோ அதற்கு முன்போ என்று அர்த்தம். 'இன் லியூ ஆஃப்' இருக்கும். ஞாயிறு வேலை செய்தால் அதற்குப் பதிலாக வேறு நாள் லீவு தருவார்களே, அது. 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' என்றால் இன்ன தேதி முதல் அமல். ஷிப்டுக்கு 'ஆன் டைம்' வா என்றால் சொன்ன நேரத்துக்குச் சரியாக வரணும். 'இன் டைம்' என்பது நேரம் தாண்டுவதற்குள்.

இங்கிலீஷ் சாருக்கு என் வேண்டுகோள்: வாரம் ஒரு பீரியட் இதற்குக் கொடுங்க. வீட்டுக்கு வரும் கடிதம், நோட்டீஸ், பில் எல்லாம் நாங்களே கொண்டு வருகிறோம். பரீட்சைக்கு வராததை ஏன் படிக்கணும் என்று சில நண்பர்கள் கேட்பார்கள். பரீட்சைக்குப் பூனை நாயையும் சேர்த்தே மனப்பாடம் பண்ணலாமே, யார் வேண்டாம்னா?

முதல் கடிதம் அண்ணனுடையதாக இருக்கட்டும். தரமாட்டேன் என்று பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கான். அம்மாவிடம் சொல்லித்தான் வாங்கணும்.