சுவரின் நிறமும் விற்பவரின் நேர்மையும்

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயும் 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும் கார் உற்பத்தியைத் தொடங்கின. தொழிற்சாலைகளைத் தொடர்ந்து குடியிருப்புகளும் பெருகின; வீடுகள் கைமாறுகின்றன. விற்குமுன் வெளிச்சுவருக்கு வண்ணம் பூசுகிறோம். அதில் தவறில்லை. வெள்ளை, சந்தனம் போன்ற வெளிர் நிறங்கள் வெப்பத்தைக் குறைவாகவே ஈர்க்கும்; பலருக்கும் பிடிக்கும். அடர்நிறம் வெயிலில் விரைவில் மங்கும்.

ஆனால், ஏரிகள் நிறைந்த இவ்வட்டாரத்தில் மழைக்கு ஓதம் ஏறிய சுவரைப் பட்டி பார்த்து, வண்ணத்தால் மறைத்து விற்பது வேறு. சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள், அடியில் ஈரத்தைக் கண்டார்கள். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என வினவி, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான செய்தி இது. நம் சுவரின் ஓதமும் அந்த ஈரம்தானே!

வாங்க வருபவர் பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு வருகிறார். ஆகவே கசிவை அடைத்து, சுவர் உலர்ந்தபின் வண்ணம் பூசுவோம். இயலாதெனில் குறையைச் சொல்லி, விலையைக் குறைப்போம். கையில் வரும் தொகை சற்றுக் குறையலாம். அதில் பரக்கத் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.